வனேடினைட்டை அடையாளம் காண்பது எப்படி? தூக்கிப் பார்ப்பதிலிருந்து வகைப்பாட்டு எண் வரை

வனேடியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதி கொண்ட வனேடேட் கனிமங்களில் பலவும் பாறை மேல் மெல்லிய பூச்சாகவோ மஞ்சள் பொடியாகவோதான் படிந்திருக்கும். புதிதாகக் கற்பவர் அவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஈயம் நிறைந்த வனேடேட்டான வனேடினைட் அப்படியில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய படிகம், கையில் உணரக்கூடிய எடை, தெளிவான வேதி அமைப்பு எல்லாம் அதில் உண்டு. இயற்கையில் அரிதாகவே உருவாகும் கனிமம்தான், ஆனால் மொராக்கோ நாட்டின் மிப்லாடென் பகுதியிலுள்ள பழைய ஈயச் சுரங்கங்களிலிருந்து நிறையப் படிகங்கள் சேகரிப்பாளர்களின் சந்தைக்கு வருவதால் சிறிய துண்டு ஒன்று கிடைப்பது கடினமில்லை. வனேடேட்டுகளைப் படிக்க நான் எப்போதும் பரிந்துரைக்கும் தொடக்கம் இதுதான்.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, தையல் நூல், ஒரு கண்ணாடி டம்ளர், மெருகு பூசாத வெள்ளைப் பீங்கான் துண்டு.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கனிமத்தின் எடையில் சுமார் 73 சதவீதம் ஈயம். தொட்டுப் பார்ப்பதில் ஆபத்தில்லை, ஆனால் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அரைப்பது, ரம்பத்தால் அறுப்பது, தூசி பறக்கத் தேய்ப்பது எதுவும் வேண்டாம். சோதனைக்கு எடுத்த டம்ளர் மறுபடி அடுக்களைக்குப் போகக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள்

இரத்தச் சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு, மஞ்சள் என வனேடினைட் பல நிறங்களில் வரும். வுல்பனைட், மிமெட்டைட் என்று வேறு ஈயக் கனிமங்களும் உண்டு; வுல்பனைட்டும் ஆரஞ்சாக இருக்கும், மிமெட்டைட்டும் மஞ்சளாக இருக்கும். அதனால் நிறம் முதல் சாட்சியாகாது.

லூப்பைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, கல்லை அதன் அருகே கொண்டு வாருங்கள். ஒரு படிகத்தின் மேல் முகத்தைத் தேர்ந்தெடுத்து மூலைகளை எண்ணுங்கள். ஆறு மூலைகள், ஒவ்வொன்றும் 120 பாகை என்றால் அறுகோணப் படிகத் தொகுதி. மிப்லாடென் படிகங்கள் பெரும்பாலும் தட்டையான அறுகோண வில்லைகள். அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைப்பவை பலவும் ஒல்லியாக நீண்ட பட்டகங்கள். சிலவற்றின் நுனி குழிந்து உள்ளே வெற்றிடமாக இருக்கும். பார்வைக்கு வேறு வேறு, ஆனால் குறுக்குவெட்டு இரண்டிலும் அறுகோணம்தான். அதே சிவப்பு ஆரஞ்சு நிறத்தில் சதுரத் தட்டு கண்ணில் பட்டால் அது அநேகமாக வுல்பனைட், அதாவது ஈய மாலிப்டேட். அது நாற்கோணத் தொகுதியைச் சேர்ந்தது.

மிளிர்வையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். குங்கிலியத்தின் எண்ணெய்ப் பளபளப்பு முதல் வைரப் பளபளப்பு வரை இருக்கும். உடைந்த முனை இருந்தால் அதையும் பாருங்கள். தட்டையாகப் பிளந்திருக்காது, ஒழுங்கில்லாமல் முறிந்திருக்கும். வனேடினைட்டுக்குப் பிளவுத் தளம் கிடையாது.

படி 2: அடர்த்தியை அளந்து பாருங்கள்

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் என் நம்பிக்கை முழுக்க இதன் மேல்தான். கல்லைச் சேதப்படுத்தாமல் எண்ணாகவே ஒரு விடை தரும் சோதனை வேறு இல்லை.

கல்லை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். அப்புறம் பாதி நீர் நிரப்பிய டம்ளரைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல் விலக்கிய நீரின் எடை. உலர் எடையை அதால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற எண், கிடைத்துவிடும். உதாரணத்துக்கு, உலர் எடை 13.80 கிராம், நீரில் காட்டியது 2.00 கிராம் என்றால் விடை 6.9. வனேடினைட்டின் வரம்பு சுமார் 6.8 முதல் 7.1.

விடை தவறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. படிகங்களுக்கு இடையில் காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தால் கல் உண்மையைவிட லேசாகத் தெரியும். மென்மையான தூரிகையால் அவற்றைத் தட்டிவிடுங்கள். இன்னொன்று, தாய்ப்பாறை. மிப்லாடென் துண்டுகளில் படிகங்களுக்கு அடியில் அடிக்கடி பாரைட் என்ற பாரியக் கனிமம் இருக்கும், அதன் ஒப்படர்த்தி சுமார் 4.5 மட்டுமே. பாறையோடு சேர்த்து அளந்தால் 5 என்றோ 5.5 என்றோ வரும், அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பாறையிலிருந்து தனியாக உதிர்ந்த படிகம் இருந்தால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

படி 3: கடினத்தன்மையும் தூள் நிறமும்

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 3 அல்லது அதற்குச் சற்று முன்பின். இரும்புக் கத்தி எளிதாகக் கீறிவிடும். நல்ல படிகத்தைக் கீறிப் பார்க்காதீர்கள், அந்த வடு மறையாது. உதிர்ந்த துணுக்கு ஒன்று இருந்தால் பீங்கானில் மெதுவாக ஒரே ஒரு கோடு இழுங்கள். படிகம் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் கோடு வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ விழும். பீங்கானை ஈரத் துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுங்கள்.

படி 4: வேதி அமைப்பைப் போட்டுப் பாருங்கள்

இதுவரை அளந்ததெல்லாம் ஏன் அப்படி இருக்கிறது என்று இங்கேதான் புரியும். வாய்பாட்டில் ஐந்து ஈயம், மூன்று வனேடேட் தொகுதி, ஒரு குளோரின். ஒவ்வொரு வனேடேட் தொகுதியிலும் ஒரு வனேடியம் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகி வடிவில் நிற்கும்.

மின்சுமையைக் கூட்டுங்கள். ஈயம் ஒவ்வொன்றுக்கும் +2, மொத்தம் +10. வனேடேட் ஒவ்வொன்றுக்கும் −3, மொத்தம் −9. குளோரைடு −1. சரியாகப் பூஜ்யம். குளோரின் இல்லாமல் இந்தக் கணக்கு நிற்காது.

அடர்த்தியையும் இப்படியே சரிபார்க்கலாம். படிகம் முழுவதும் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச் சிறிய கட்டம்தான் அலகுக் கூடு. அதன் பக்கம் சுமார் 10.32 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), உயரம் 7.34 ஆங்ஸ்ட்ராம், அதற்குள் இரண்டு வாய்பாட்டு அலகுகள் அடங்கும். ஒரு அலகின் மூலக்கூறு எடை சுமார் 1416. கணக்குப் போட்டால் அடர்த்தி சுமார் 6.95 வருகிறது. டம்ளரில் அளந்த எண்ணும் அணுக்களை அடுக்கிப் பெற்ற எண்ணும் இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

வனேடியம் என்ற தனிமமே இந்த வகைத் தாதுவில்தான் முதலில் சிக்கியது. மெக்சிகோவின் ஸிமாபான் ஈயத் தாதுவில் 1801இல் ஆந்த்ரேஸ் மானுவேல் தெல் ரியோ புதுத் தனிமம் ஒன்றைக் கண்டார். பாரிஸில் அதை ஆராய்ந்தவர் குரோமியம்தான் என்று சொல்லிவிட, தெல் ரியோ தன் உரிமையைக் கைவிட்டார். 1830இல் சுவீடனின் செஃப்ஸ்ட்ரோம் அதே தனிமத்தை இரும்பில் மீண்டும் கண்டுபிடித்தார். ஸிமாபான் தாதுவில் இருந்ததும் அதுதான் என்று ஜெர்மன் வேதியியலாளர் வோலர் நிறுவினார். முதலில் கண்டவர் சரியாகவே கண்டிருந்தார்.

படி 5: உடன்பிறப்புகளைப் பிரித்தறியுங்கள்

வனேடேட்டின் இடத்தில் ஆர்சனேட் வந்தால் மிமெட்டைட், பாஸ்பேட் வந்தால் பைரோமார்பைட். மூன்றுக்கும் ஒரே அணு அடுக்கு, ஒரே அறுகோணம், அடர்த்தியும் 7ஐ ஒட்டியே இருக்கும். டம்ளர் சோதனை இங்கே கைகொடுக்காது. வனேடியமும் ஆர்சனிக்கும் ஒரே படிகத்தில் கலந்தும் இருக்கும். அப்படி ஆர்சனிக் கலந்த வனேடினைட்டுக்கு எண்ட்லிகைட் என்ற பழைய பெயர் உண்டு.

உறுதி வேண்டுமென்றால் ஆய்வகம்தான். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியில் கொடுத்தால் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கருவியில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிர் வெளியிடும், அதைத்தான் கோடு என்பார்கள். ஈயத்தின் முக்கியக் கோடும் ஆர்சனிக்கின் முக்கியக் கோடும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில், 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே விழும். எனவே ஈயக் கனிமத்தில் இல்லாத ஆர்சனிக் இருப்பதாக அறிக்கை வரலாம். ஆர்சனிக்கின் இரண்டாவது கோடு 11.7 அருகே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாரைட் பாறை மேல் உள்ள துண்டென்றால் பாரியத்தின் கோடுகள் வனேடியத்தின் கோட்டை நெருக்கும், அதையும் கவனிக்க வேண்டும்.

படி 6: வகைப்பாட்டு எண்ணை வாசியுங்கள்

கனிமங்களை வேதி அமைப்பின்படி வகுத்து எண் கொடுக்கும் ஸ்ட்ரூன்ஸ் முறையில் வனேடினைட்டின் எண் 8.பிஎன்.05. முதலில் உள்ள 8, பாஸ்பேட், ஆர்சனேட், வனேடேட் வகுப்பு. ‘பி’ என்றால் கூடுதல் எதிர்மின் அயனி உண்டு, நீர் இல்லை. நம் குளோரின் இங்கே வருகிறது. ‘என்’ என்றால் ஈயம் போன்ற பெரிய நேர்மின் அயனிகள் மட்டும், கூடுதல் அயனிக்கும் வனேடேட்டுக்கும் விகிதம் 1:3. கடைசி 05 அபடைட் குழு. ஆமாம், நம் பற்களிலும் எலும்பிலும் உள்ள பாஸ்பேட்டின் அடுக்கும் இதே வகைதான். 2010இல் அபடைட் பெருங்குழுவை ஒழுங்குபடுத்தியபோது அதை ஐந்து குழுக்களாகப் பிரித்தார்கள். வனேடினைட் அவற்றில் அபடைட் குழுவிலேயே நின்றது.

இந்த எண்ணை வாசிக்கப் பழகினால் மற்ற வனேடேட்டுகளும் வசப்படும். நமீபியாவின் டெஸ்க்லாய்சைட்டில் ஈயத்தோடு நடுத்தர அளவுள்ள துத்தநாகமும் சேர்கிறது, எனவே அது 8.பிஎச்.40க்குப் போய்விடுகிறது. யுரேனியம் கொண்ட மஞ்சள் கார்னோடைட் பெயரளவில் வனேடேட்தான், ஆனால் அதில் வனேடியத்தைச் சுற்றி நான்கு அல்ல, ஐந்து ஆக்சிஜன். அதனால் ஸ்ட்ரூன்ஸ் முறை அதை 8ஆம் வகுப்பில் வைக்காமல் ஆக்சைடுகளின் 4ஆம் வகுப்பில் வைக்கிறது. வனேடேட் என்றதும் 8 என்று எழுதிவிடாதீர்கள். வனேடியத்தைச் சுற்றி எத்தனை ஆக்சிஜன் என்று முதலில் கேளுங்கள்.

படி 7: சீட்டு எழுதி வையுங்கள்

பெயர், கிடைத்த இடம், உலர் எடை, அளந்த ஒப்படர்த்தி, வகைப்பாட்டு எண் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதுங்கள். ஆய்வகச் சோதனை செய்யவில்லை என்றால் ‘கண்ணாலும் அடர்த்தியாலும் அடையாளம் கண்டது’ என்று சேர்த்துவிடுங்கள். மூடிய பெட்டியில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். தொடர்ந்து வெளிச்சம் பட்டால் அந்தச் சிவப்பு கருத்துப்போகும்.