செங்கல்பட்டு லைனில் முதல் வீடு வாங்கப் போகிறீர்களா? இந்த வரிசையில் போங்கள்

வேலை சென்னையில், ஆனால் சென்னைக்குள் வீடு வாங்கும் அளவுக்கு வருமானம் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களில் நிறையப் பேர் கடைசியில் வந்து சேர்வது தாம்பரத்துக்குத் தெற்கே: ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு. நானும் பல வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு இந்த லைனில்தான் வாங்கினேன். பத்திரம், பட்டா என்றாலே பயந்து, புரோக்கர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவிப்பு யாருக்கும் வரக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1. வீட்டுக்கு முன் ரயிலைப் பாருங்கள்

சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் அடிக்கடி கிடைக்கும். ஆனால் அவற்றில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை வருபவை குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அதனால் உங்கள் ஸ்டேஷனுக்கு வரும் வண்டிகளின் நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் எத்தனை, இரவு கடைசி வண்டி எப்போது என்று பாருங்கள். ஷிப்ட் வேலை என்றால் அந்தக் கடைசி வண்டிதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

தூரம் கூடக்கூட விலை குறையும் என்பது உண்மைதான். செங்கல்பட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு, அங்கேயே புறப்படும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். ஆனால் கடற்கரை வரை சுமார் 60 கிலோமீட்டர். போக, வர என்று தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே போய்விடும்.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்பதை நடந்து பாருங்கள். இதை நான் கெஞ்சியே கேட்பேன். நடக்க 15 நிமிடத்துக்கு மேல் ஆனால், தினமும் ஷேர் ஆட்டோவோ ஸ்டேஷனில் நிறுத்த ஒரு பைக்கோ வேண்டும். விலையில் மிச்சமான பணம் அதில் கரையும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரமாவது அந்த ஊரிலிருந்து ஆபீஸ் போய் வாருங்கள். சொந்தக்காரர் வீடு, லாட்ஜ், எங்கே தங்கினாலும் சரி. அதில் ஒரு வெள்ளிக்கிழமை மாலையாவது ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை) பஸ்ஸில் வர வேண்டும். இதே சாலையில் வண்டலூரை அடுத்துள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்தபின் தென் மாவட்ட பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வார இறுதியில் அந்த வண்டிகளோடு சேர்ந்துதான் நீங்களும் நகர வேண்டும்.

2. கையில் எவ்வளவு வேண்டும்

ஒரு பழைய வீடு 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கடன் 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரை இருந்தால், வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, கடன் 32 லட்சம், உங்கள் பங்கு 8 லட்சம். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. இது இன்னொரு 3.6 லட்சம், இதற்கு வங்கி கடன் தராது. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, நீங்கள் வாங்கும் விலையைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல்தான் கணக்குப் போடுவார்கள். வக்கீல், பத்திர எழுத்தர், வங்கிச் செலவு எல்லாம் சேர்த்தால் 12 லட்சமாவது கையில் இருக்க வேண்டும். 32 லட்சத்துக்கு 8.5% வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 27,800 ரூபாய்.

புது அடுக்கக வீட்டை முதல்முறை வாங்கும்போது முத்திரைத்தீர்வை இதைவிடக் குறையலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும்போது வாங்கினால் ஜி.எஸ்.டி. வரி உண்டு. பணிநிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்குக் கிடையாது.

3. காகிதங்களை நீங்களே படியுங்கள்

வக்கீல் பார்ப்பார்தான். ஆனால் அவரிடம் போகும் முன் நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள். நான்கு காகிதம் வேண்டும்: தாய்ப் பத்திரம் (சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்), 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்), பட்டா, கட்டட அனுமதி. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். மனையாக இருந்தால் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ.வின் ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 500 சதுர மீட்டருக்கு மேலோ 8 வீட்டுக்கு மேலோ உள்ள புதுத் திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம்.

எனக்கு முதலில் பிடித்துப்போன வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கிழக்குப் பார்த்த வாசல், பின்னால் ஒரு முருங்கை மரம், ஸ்டேஷனுக்கு நடந்தே 10 நிமிடம். வில்லங்கச் சான்றை ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோது, பழைய அடமானப் பதிவு ஒன்று இருந்தது. கடன் அடைந்ததற்கான ரசீது அதற்குக் கீழே எந்த வரியிலும் இல்லை. “அது எப்பவோ கட்டியாச்சு தம்பி, பதியத்தான் விட்டுட்டோம்” என்றார் வீட்டுக்காரர். அவர் பொய் சொல்லவில்லை, வங்கிக் கடிதத்தையும் காட்டினார். “ரசீதைப் பதிஞ்சிட்டு வாங்க ஐயா, அப்புறம் அட்வான்ஸ் பேசலாம்” என்றேன்.

அந்த இடைவெளியில் தாய்ப் பத்திரத்தைப் படித்தேன். வீட்டுக்காரரின் அப்பா உயில் எழுதாமல் காலமானபின் அண்ணன் தம்பி மூவர் மட்டும் பாகப்பிரிவினை செய்திருந்தார்கள். வாரிசுச் சான்றிலோ நான்காவதாக ஒரு அக்கா பெயர் இருந்தது. பத்திரத்தில் எங்கேயும் அவர் கையெழுத்து இல்லை. வீட்டில் யாருக்கும் அவரோடு பேச்சுவார்த்தையும் இல்லை. முருங்கை மரத்தை நினைத்துக்கொண்டே விட்டுவிட்டேன். பெண் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அந்தக் கையெழுத்து இல்லாத பத்திரம் என்றைக்காவது ஒருநாள் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கும்.

விற்பவர் வேறு யாரிடமாவது போட்ட பதியாத ஒப்பந்தம் வில்லங்கத்தில் வராது. ஆகவே அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், ஜெராக்ஸோடு நிற்காதீர்கள்.

4. தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்

செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். ஊருக்குள் நுழையும் முன்பே ரயில் ஜன்னலில் கொளவாய் ஏரி தெரியும். ஏரியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால்கள் இருந்த இடத்தில்கூட இன்று மனை போட்டிருக்கிறார்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை யாரும் மறக்க முடியாது. கிராம ‘அ’ பதிவேட்டில் உங்கள் சர்வே எண் என்ன வகை, பக்கத்து எண்களில் ஓடை, ஏரி புறம்போக்கு இருக்கிறதா என்று வருவாய்த்துறை இணையதளத்தில் பாருங்கள். புலப்படத்தையும் (அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் போய் இடத்தைப் பாருங்கள். ஒரு வீட்டில் காம்பவுண்டுச் சுவருக்கு முழங்கால் உயரம் வரை மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டதும், “போன மழைக்கு அந்தக் கோடு வரைக்கும் நின்னுச்சு” என்றார்.

5. ஒப்பந்தம், பதிவு

சும்மா டோக்கன் என்று பணம் கொடுக்காதீர்கள். சிறு தொகையாக இருந்தாலும் வங்கி வழியாகக் கொடுங்கள், கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். ரெராவில் பதிந்த திட்டமாக இருந்தால், ஒப்பந்தம் பதிவதற்கு முன் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கட்டடக்காரருக்கு உரிமை இல்லை. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1% வருமான வரி பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

பதிவன்று பத்திரத்தை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். சர்வே எண், நான்கு எல்லை, அளவு, பெயர் இனிஷியல். பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று அவசரப்பட வேண்டாம்.

6. பதிவுக்குப் பிறகு

பட்டா மாறுதல், வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அசல் வங்கிக்குப் போய்விடும் என்பதால் பத்திரத்தின் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி வையுங்கள். சில நாள் கழித்து அதே சர்வே எண்ணுக்கு மறுபடி வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கடைசிப் பதிவில் வாங்கியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் வந்திருக்கும். அதில் ஓர் எழுத்தோ எண்ணோ தப்பாக இருந்தால், விற்றவர் இன்னும் போனை எடுக்கும்போதே கூப்பிட்டுப் பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுவிடுங்கள்.