ஹட்டன் பக்கம் புதிதா? ஞாயிற்றுக்கிழமைக்கு டேம் இருக்கிறது

இந்தியாவிலிருந்து வேலைக்கென்று இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் வந்து இறங்கியவர்கள் இரண்டாவது வாரமே கேட்பது, "லீவு நாளில் எங்கே போவது?" எல்லோரும் நுவரெலியாவைத்தான் கை காட்டுவார்கள். அங்குள்ள கிரகரி வாவி (ஏரி) 1873இல் ஆங்கிலேய ஆளுநர் அமைத்தது. மிதிபடகு, குதிரைச் சவாரி எல்லாம் உண்டு. ஏப்ரல் சீசனில் மட்டும் போகாதீர்கள், வாகனம் நிறுத்தவே அரை நாள் போய்விடும். வெளிநாட்டவருக்குக் கட்டணமும் வேறு. தமிழ் பேசுகிறோமே என்று குறைக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், பக்கத்திலேயே இருக்கும் காசல்ரீ, மவுஸாக்கலை நீர்த்தேக்கங்கள் இரண்டும் போதும். ஊர்க்காரர்களிடம் 'நீர்த்தேக்கம்' என்று கேட்டால் செய்தி வாசிக்கிறீர்களோ என்று பார்ப்பார்கள். 'டேம்' என்று கேளுங்கள். இரண்டும் மின்சாரத்துக்காகக் கட்டியவை. அதனால் பூங்கா, ஊஞ்சல் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஹட்டனில் மஸ்கெலியா பஸ் ஏறினால் டிக்கோயா தாண்டியதும் தேயிலைக்குக் கீழே காசல்ரீ தண்ணீர் தெரிய ஆரம்பிக்கும். கரையோரமாக, 1878இல் கட்டிய வார்லி தேவாலயம். அங்கே இறங்கி நடக்கலாம்.

மவுஸாக்கலையை மாசி, பங்குனியில் பாருங்கள். 1969இல் அணை முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போதிருக்கும் டவுன் மேட்டில் புதிதாக எழுந்தது. வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் வெளியே வரும். நான் போனபோது, பாளம் பாளமாக வெடித்த சேற்றைத் தாண்டிப் போய், பாசி காய்ந்த கல்லில் யாரோ சூடம் கொளுத்தியிருந்தார்கள். கரி அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு தாத்தா வெறும் மண்ணைக் காட்டி, "இது கடை வீதி தம்பி" என்றார்.

குளிக்க மட்டும் இறங்காதீர்கள். நம் ஊர் ஏரி மாதிரிப் படிப்படியாக ஆழமாகாது, இது மலைப் பள்ளத்தாக்கு. மேலே காய்ந்து தெரியும் சேறும் காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். ஜூன், ஜூலை மழையில் வான்கதவு (மிகுதி நீரை வெளியேற்றும் அணைக் கதவு) திறப்பதாக அறிவித்தால் அணைக்குக் கீழே ஆற்றோரம் நிற்கவே வேண்டாம்.

இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரத்தை (சோப்பை) காலில் தடவிக்கொண்டு போங்கள். அப்புறம், டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை (ஆதாம் மலை) யாத்திரை சீசன். மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் கூட்டம் இதே பஸ்ஸில்தான் ஏறும். விடியற்காலையிலேயே கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும்.