மெல்பன் வரும் தம்பிமாருக்கு: தோட்டா வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

லீவில் மஸ்கெலியாவுக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்து லயத்துத் தம்பிக்கு மெல்பன் விசா கிடைத்திருக்கிறது. வந்ததும் அவன் கேட்டது வேலையைப் பற்றி இல்லை, "அண்ணே, அங்க துப்பாக்கி வாங்கலாமாமே?" அவனுக்குச் சொன்னதுதான் இது.

வாங்கலாம். பாதுகாப்பு வகுப்பு, போலீஸ் லைசன்ஸ், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதி, மான் வேட்டைக்கு இன்னொரு லைசன்ஸ், வீட்டில் பூட்டுப்போட்ட பெட்டி, தோட்டாவுக்கு வேறு பூட்டு. ஃபாரம் நிரப்பினால் நடந்துவிடும். துரை பங்களாவில் மட்டும் துப்பாக்கியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதுவே பெரிய விஷயம்.

நான் மாட்டிக்கொண்டது தோட்டாவில். 2018இல் கடைக்காரர் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா போடும் ரைஃபிளைக் கையில் கொடுத்து, உதைக்காது, குறி தப்பாது என்றார். பொய் சொல்லவில்லை. 2007இல் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காகவே வந்த தோட்டா அது. பித்தளைக் கூடு குட்டை, குண்டு மட்டும் சீவிய பென்சில் போல ஒல்லியாக நீண்டிருக்கும், அதனால் ஐந்நூறு மீட்டருக்கு அப்பாலும் காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது. பக்கத்தில் 1952இல் வந்த .308 தோட்டாவை வைத்துப் பாருங்கள்: மொத்த நீளம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 71 மில்லிமீட்டர் சொச்சம், ஆனால் .308 குண்டு தடிப்பு, தோளில் உதையும் கூடுதல். எனக்கு உதைக்காததுதான் பிடித்தது. வாங்கிவிட்டேன்.

எனக்கு வேண்டியதோ மரை, கடமான் என்பார்களே, அந்தப் பெரிய மான். ஹோர்டன் சமவெளியில் கார் நிறுத்தும் இடத்திலேயே வந்து நிற்குமே, அதே மரை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுபோய் விட்டது மெல்பன் இருக்கும் விக்டோரியா மாநிலத்து மலைக்காட்டில் பெருகிக் கிடக்கிறது. அதற்கு அப்போதிருந்த விதி: குண்டின் விட்டம் குறைந்தது .270 அங்குலம், எடை குறைந்தது 130 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு). என் 6.5 குண்டின் உண்மையான விட்டம் .264 அங்குலம். எடை 140, அது போதும், விட்டத்தில் ஒரு நூலிழை குறைவு. காட்டுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கூட வர இருந்த நண்பர்தான் பெட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கடைக்காரரிடம் போனால், "எதைச் சுடப் போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே" என்கிறார்! ரைஃபிளை நட்டத்துக்கு விற்று .308 வாங்கினேன். இத்தனைக்கும் புதருக்குள் மரை பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் தெரியும், அங்கே காற்றைப் பற்றி யாருக்குக் கவலை.

பெட்டியில் இருக்கும் பெயரும் குண்டின் அளவும் ஒன்றல்ல. .270 வின்செஸ்டர் குண்டு .277, அது அந்த விதிக்குள் வந்தது. விதி மாறியிருக்கலாம், இப்போதையதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், போட்டிக் குண்டின் நுனியில் சின்ன ஓட்டை இருக்கும், அதைப் பார்த்து வேட்டைக் குண்டு என்று நினைக்காதீர்கள். அது உடம்புக்குள் ஒழுங்காக விரியும் என்று நம்ப முடியாது, காயம்பட்ட மிருகம் ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். ஈயம் தெரியும் மென்நுனிக் குண்டை வாங்குங்கள், வேட்டைக்கு அதுதான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அந்த மரையத் தேடி அவ்வளவு தூரம் போவானேன்" என்றார். தம்பி சிரித்தான், என்னால் சிரிக்க முடியவில்லை.