குத்துச்சண்டைக்கு வயிற்றுப் பயிற்சி: சிட்-அப் மட்டும் போதாது

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துத் திடலில் குத்துச்சண்டை பழகும் தம்பி தங்கைகளே, சிட்-அப்பை மட்டும் நூற்றுக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். குத்தின் பலம் காலில் கிளம்பி, இடுப்பு திரும்பி, தோள் வழியாகக் கைக்கு வருகிறது, நடுவில் வயிறும் முதுகும் தளர்ந்திருந்தால் பாதி பலம் அங்கேயே போய்விடும். அதனால் உடம்பைத் திருப்புகிற பயிற்சி ஒன்று, திரும்பவிடாமல் இறுக்கிப் பிடிக்கிற பயிற்சி ஒன்று என்று பார்த்து எடுங்கள்.

திருப்புவதற்கு, மெடிசின் பாலை (பயிற்சிக்கான கனமான பந்தை) சுவரில் பக்கவாட்டாக எறியுங்கள், பின்னங்கால் குதிகால் தரையை விட்டுத் திரும்பணும், வெறும் கையால் எறிந்தால் பயனில்லை. பிடிப்பதற்கு, உடற்பயிற்சிக்கான நீள ரப்பர் பேண்டை திடலில் உள்ள கோல் போஸ்ட் கம்பத்தில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டி, கம்பம் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கிற மாதிரி நின்று, இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சிலிருந்து நேராக முன்னால் நீட்டுங்கள். பேண்ட் இழுக்கும், இடுப்பு அசையவே கூடாது. ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதையே செய்யுங்கள்.

பிளாங்க்கும் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது) நல்லதுதான், இடுப்பு தொங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். அப்புறம், இந்தப் பயிற்சி எல்லாவற்றையும் பேக் (குத்துப் பை) அடித்து முடித்த பிறகு வையுங்கள். முன்னாலேயே வயிறு களைத்துவிட்டால் குத்தே கோணலாகும்.