மார்க்கா பள்ளத்தாக்கில் இருவர் மட்டும்

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் வழிகாட்டியோ சுமை குதிரையோ இல்லாமல், கணவனும் மனைவியுமாக நடக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சுமை. பாதிக்குப் பாதி பிரிக்காதீர்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் எங்கள் கணக்கு. என் கணவர் 75 கிலோ, அவர் முதுகில் 15. நான் 50, என் முதுகில் 10. கூடாரம் அவரிடம், அடுப்பும் சாப்பாடும் என்னிடம். ஆனால் தூக்கப்பை, தண்ணீர், டார்ச், தீப்பெட்டி, மருந்து எல்லாம் ஆளுக்கொன்று கட்டாயம் வேண்டும். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் உதவி தேடித் தனியே நடக்க வேண்டிவரும். அடுப்புக்கான கேஸை விமானத்தில் கொண்டுபோக முடியாது, லே நகரில் வாங்குங்கள்.

லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்துக்கு உடல் பழக, அங்கே இரண்டு முழு நாளாவது சும்மா இருங்கள். ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர் ஊர்களில் வீடுகளிலேயே தங்கலாம். ஹங்கரிலிருந்து, கணவாய்க்கு முந்தைய முகாமான நிமாலிங்குக்குப் பலர் ஒரே நாளில் ஏறிவிடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. இங்கே ஏற்றம் ஏறக்குறைய 800. நடுவில் தச்சுங்சேயில் கூடாரம் அடியுங்கள்.

தலைவலியோடு குமட்டலும் சேர்ந்து சாப்பாடு இறங்கவில்லையென்றால் அன்று ஏறக் கூடாது. உடம்பு முடியாதவரே “ஒன்றுமில்லை, போகலாம்” என்பார், நம்பாதீர்கள். ஒரு காலின் குதியை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், நள்ளிரவானாலும் கீழே இறங்கத்தான் வேண்டும்.

பாலமில்லாத இடத்தில் ஆற்றைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் பெருகும். கரையில் நின்று காதுகொடுத்துக் கேளுங்கள். அடியில் கற்கள் கடகடவென்று உருளும் சத்தம் வந்தால் இறங்காதீர்கள். இறங்கும்முன் பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். செருப்பில்லாமல் இறங்க வேண்டாம். கனமானவர் கோலை ஊன்றி, நீரோட்டத்தை எதிர்நோக்கி முன்னால் நிற்க, மற்றவர் அவர் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கட்டும். ஒருவர் பக்கவாட்டில் அடி வைக்கும்போது மற்றவர் அசையக் கூடாது.

வீட்டைவிட்டுப் புறப்படும்முன்பே பேசி முடிக்க வேண்டியது ஒன்று உண்டு: இருவரில் யார் “திரும்பிவிடலாம்” என்றாலும் திரும்ப வேண்டும்; காரணம் கேட்பதெல்லாம் ஊருக்கு வந்தபிறகு.

அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் போன் வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம். பாதையின் பெரும்பகுதியில் செல்போனும் எடுக்காது. அதனால் நிமாலிங்குக்கு அப்பாலுள்ள கோங்மரு கணவாயைக் கடந்து என்றைக்கு இறங்குவீர்கள், எந்த நாள்வரை காத்திருந்து ஆள் அனுப்ப வேண்டும் என்று லேயில் தங்கிய வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.