மார்கழி, தையில் ஊருக்குப் போகிறீர்களா? காற்றுக்கும் நேரம் பாருங்கள்

கனடாவிலிருந்து ஊருக்குப் போகும் நம்மவர்களில் பலர் போவது மார்கழி, தை விடுமுறையில்தான். கலியாணச் சேலை எடுக்கச் சென்னையில் நாலைந்து நாள், அப்புறம் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம். இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையோ, நெஞ்சு வருத்தம் உள்ள அம்மாவோ கூட வந்தால், அந்த மாதங்களில் வெயிலைவிடக் காற்றில் மிதக்கும் நுண்துகளுக்குத்தான் நான் பயப்படுவேன். பிஎம் 2.5 என்பது அதுதான். தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய 30-இல் ஒரு பங்கு. மூக்கில் தங்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போகும். 2023 யூனில் காட்டுத்தீப் புகை டொராண்டோவை மூடியபோது நாம் சுவாசித்ததும் இதைத்தான்.

ஆனால் இந்தத் துகள் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. நாங்களோ நேரமாற்றத்தால் விடிய 4 மணிக்கே விழித்துவிடுவோம். சும்மா கிடப்பானேன் என்று நடக்கக் கிளம்புவோம். சென்னையில் மார்கழி, தையில் அதைச் செய்யாதீர்கள். இரவில் நிலம் குளிரும்போது அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே படிந்துவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று சட்டிக்கு மூடி போட்டதுபோல் அதை அமுக்கி வைக்கும். லாரிப் புகை, குப்பை எரித்த புகை எல்லாம் அந்த மூடிக்குள் அடைபடும். 7 மணிக்கு மேல் அலுவலகப் போக்குவரத்தின் புகையும் சேரும். வெயில் ஏறி நிலம் சூடாகி, 10, 11 மணிக்கு மேல்தான் மூடி திறக்கும். பின்னேரம் கடற்காற்று வந்தால் இன்னும் நல்லது. இரவு 7 மணிக்கு மேல் திரும்பவும் ஏறத் தொடங்கும்.

அதனால் தி.நகர்க் கடைகளுக்கு மதியம் 12 மணிக்குப் போங்கள். மெரினாவுக்கு 4 மணி. பெரியவர்களின் நடையையும் அப்போதே வைத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அப்போது காற்று நன்றாக அசையும். வெயிலுக்குத்தான் ஒதுங்க வேண்டும். வடசென்னையில் எண்ணூர், மணலிப் பக்கம் அனல் மின் நிலையங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இருப்பதால், அங்கே தங்குகிறவர்கள் எந்த மாதமும் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

கைபேசியில் காட்டும் காற்றுத்தர எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள். கனடாவில் நமக்குப் பழகிய கணக்கு 1-இலிருந்து 10 வரை. இந்தியக் கணக்கு 0 முதல் 500. பல செயலிகள் காட்டுவது அமெரிக்கக் கணக்கு. இந்த நுண்துகள் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் கணக்கில் 100, அதாவது 'திருப்தி'. அதே காற்று அமெரிக்கக் கணக்கில் 150-ஐத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் அளவோ 15 மைக்ரோகிராம்தான். மைக்ரோகிராமைப் பாருங்கள், அதுவும் அந்த மணி நேரத்தின் அளவை. இந்தியாவின் 'சமீர்' செயலியில் வரும் குறியீடு 24 மணி நேரச் சராசரி என்பதால், விடியற்காலையில் ஏறிய புகை அதில் உடனே தெரியாது.

இது எனக்குப் போகியன்றுதான் உறைத்தது. சென்னை வளசரவாக்கத்தில் பெரியம்மா வீட்டில் நின்றோம். விடிய 5 மணிக்குத் தெருவில் பழைய பாய், கிழிந்த தலையணை, அதோடு ஒரு சைக்கிள் டயரும் எரிந்தது. சாத்திய யன்னலுக்குள்ளும் நெடி வந்தது. "பிள்ளை, ஈரத் துணியை இடுக்கிலே அடை" என்றார் பெரியம்மா. இரவு கொடியில் விட்டிருந்த மகளின் வெள்ளைச் சட்டையை எடுத்தபோது என் விரலில் கரி ஒட்டியது. அன்று அவளுக்கு மூன்று தடவை இன்ஹேலர் வேண்டியிருந்தது. போகி ஜனவரி 13 அல்லது 14-இல் வரும். அன்று விடியற்காலை விமானம் எடுக்காதீர்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. என்95 முகக்கவசம் நாலைந்து கொண்டு போங்கள். துணிக் கவசம் இந்தத் துகளுக்குப் போதாது. இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் கடற்காற்றுத்தானே என்று நானும் நினைத்திருந்தேன். சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களுக்கு அது சரி. நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. வாடை திரும்பினால் இந்தியப் பக்கத்துப் புகையும் கடல் தாண்டி வரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு அப்படி வந்தபோது, 9ஆம் திகதி இலங்கை முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள்.

அதோடு நம் வளவுகளில் பின்னேரம் கொளுத்தும் குப்பையும் இருக்கிறது. வாடைக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது, இதற்கு முடியும். போய் இறங்கிய அன்றே வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்டேன்: "மாமி, பிள்ளைக்கு இழுப்பு. நாங்கள் நிக்கும் மட்டும் குப்பை கொளுத்தாதேங்கோ." மாமிக்கு இது தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த மூன்று வாரமும் சருகைக் கூட்டித் தென்னையடியில் தாட்டார்.