மேப்பிள் சிரப் காய்ச்சும்போது கோட்டை விடும் இடங்கள்

அமெரிக்காவின் வெர்மான்ட், கனடாவின் கியூபெக் கிராமங்களில் பனிக்காலம் முடியப்போகிறது என்றால் மேப்பிள் தோப்புக் கொட்டகைகளின் கூரையிலிருந்து நீராவி கிளம்ப ஆரம்பித்துவிடும். இரவில் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். அப்போதுதான் மரத்தில் சாறு ஓடும். அதைச் சுண்டக் காய்ச்சினால் கிடைக்கும் இனிப்புப் பாகுதான் மேப்பிள் சிரப். ஒரு லிட்டர் சிரப்புக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு காய்ச்ச வேண்டும். அத்தனை விறகையும் எரித்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தில் பதத்தைத் தவறவிடுவதுதான், என்னைக் கேட்டால், மிகப் பெரிய தவறு.

அதற்கு முன் மரத்தைப் பார்ப்போம். 10 அங்குலத்துக்குக் குறைவான விட்டம் இருந்தால் தொடவே வேண்டாம். சாறு வடிக்க மரத்தில் போடும் துளை ஒன்றரை முதல் இரண்டு அங்குல ஆழம் போதும். பழைய துளைக்குப் பக்கத்திலேயே போடுபவர்கள் உண்டு. காயம் பட்ட இடத்தை மரம் உள்ளுக்குள் அடைத்துவிடும், அங்கே சாறு வராது. துளையிடும்போது உதிரும் தூளைக் கவனியுங்கள்: வெளிர் நிறமாக இருந்தால் சரி, பழுப்பாக வந்தால் இடம் தப்பு. துளையில் செருகும் குழாயையும் ஓங்கி அடிக்கக் கூடாது. மரம் விரிந்து, சாறு ஓரமாகக் கசியும்.

சாறு தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதனாலேயே கெடாது என்று நினைத்து வாளியில் விட்டுவைக்கிறார்கள். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பதநீர் வெயில் ஏற ஏறப் புளிப்பதுபோல இதுவும் சூடு பட்டால் கலங்கிவிடும். குளிர்ச்சியாக வைத்து, முடிந்தவரை அன்றன்றைக்கே காய்ச்சுங்கள். ஈயப் பற்று வைத்த பழைய வாளிகளைத் தயவுசெய்து ஒதுக்கிவிடுங்கள். சாறு சுண்டச் சுண்ட அதிலிருக்கும் ஈயமும் செறியும்.

வீட்டுச் சமையலறையில் காய்ச்சலாமா? வேண்டாம். 40 லிட்டரில் 39 லிட்டர் ஆவியாகிச் சுவரிலும் கூரையிலும்தான் படியும்.

இப்போது பதம். 104 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கு என்பார்கள். தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையே ஊரின் உயரத்துக்கும் அன்றைய காற்றழுத்தத்துக்கும் தக்கபடி மாறும்போது, ஒரே எண்ணை எப்படி நம்புவது? அன்று காலையில் அதே வெப்பமானியை வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 4 டிகிரி ஏறினால் சிரப் தயார். அப்போது சர்க்கரை 66, 67 சதவீதம் இருக்கும். குறைந்தால் பூசணம் பிடிக்கும், கூடினால் பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டும்.

அந்தக் கடைசி டிகிரிகள் வேகமாக ஏறும். விறகு அடுப்பை நினைத்த நொடியில் அணைக்க முடியாது. அதனால் பதம் நெருங்கும்போது சிறிய பாத்திரத்துக்கு மாற்றி, கேஸ் அடுப்பில் முடிப்பது நல்லது. காய்ச்சும் பெரிய தட்டில் சாறு இரண்டு அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் அடிபிடித்துவிடும், எட்டக்கூடப் போகாதீர்கள். நுரை பொங்கினால் துளி வெண்ணெய் போதும்.

அடர்த்தியை அளக்க மிதக்கவிடும் ஹைட்ரோமீட்டரில் சூடான சிரப்புக்கு ஒரு கோடு, ஆறியதற்கு ஒரு கோடு இருக்கும். குளிர்ந்த குவளையில் ஊற்றிச் சூட்டுக் கோட்டைப் பார்த்தால், ஆறியதால் அடர்ந்த சிரப்பைப் பதம் வந்ததாக எண்ணி நீர்க்கவே இறக்கிவிடுவீர்கள். குவளையையும் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வடிகட்டுவது. அடியில் மணல் போலத் தாது உப்புகள் படியும். கம்பளி வடிகட்டியில் சூடாகவே ஊற்றி, தானாக இறங்க விடுங்கள். பிழிந்தால் மணலும் சேர்ந்தே வரும். பாட்டிலில் ஊற்றும்போது 82 டிகிரிக்குக் குறையக் கூடாது. 90ஐ நெருங்கினாலோ மறுபடி மணல் உண்டாகும்.

பருவக் கடைசியில் சிரப் கறுத்து வந்தால் கவலைப்பட வேண்டாம், அதற்குத் தனிச் சுவை உண்டு. ஆனால் கிளையில் மொட்டுகள் பருத்துவிட்டால், சாறு எவ்வளவு ஓடினாலும் நிறுத்திவிடுங்கள். அந்தச் சாற்றில் ஏறும் வேண்டாத வாடை காய்ச்சினாலும் போகாது. குழாய்களைக் கழற்றிக் கழுவி வையுங்கள். துளைக்கு மெழுகோ ஆப்போ தேவையில்லை, மரமே மூடிக்கொள்ளும்.